மிச்சக் கரண்டு

கரண்டு இல்லாமல் கஷ்டப்பட்டவர்கள் கதை ஊரில் ஆயிரம் இருக்கிறது. கரண்டு மிஞ்சிப்போய்க் கெட்டவள் எனக்குத் தெரிந்து அன்புச்செல்வி ஒருத்திதான்.

நொச்சிக்குப்பத்துக்குத் தெற்கே, ரோடும் மணலும் சேருகிற இடத்தில் ஒன்பது தகரக் கொட்டகைகள் இருந்தன. பழைய அடுக்குமாடி வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முடிகிறவரை இங்கே தங்கல். தற்காலிகக் கொட்டகை, அதனால் மீட்டர் கிடையாது. அடையாறில் ஆபீஸ் வைத்திருந்த ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து பார்த்தார்கள். இவ்வளவு காற்றை வீணாக விடுகிறீர்களே என்று வருத்தப்பட்டார்கள். உயரமான கம்பம் நட்டு ஒரு காற்றாடி, கூரைகள் மேல் நாலு சோலார் பலகை, கடைசிக் கொட்டகையை ஒட்டி இடுப்பு உயரத்தில் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் எட்டு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர். வீட்டுக்கு ரெண்டு விளக்கு, ஒரு ஃபேன். கடைசிக் கொட்டகை அன்புச்செல்வியுடையது. பெட்டிச் சாவி அவள் தாலிக் கயிற்றில் தொங்கியது.

சாவி அவளிடம் வந்ததற்குக் காரணம் அவள் புருஷன் ரங்கன். முப்பது வருஷம் கடலுக்குப் போனவன். ரெண்டு தடவை டிபி வந்தது, ரெண்டு தடவையும் மாத்திரையைப் பாதியில் விட்டான். பிறகு டிபி போனது, நுரையீரலையும் கூட்டிக்கொண்டு போனது. பெரியாஸ்பத்திரியில் ஒரு மூச்சு மிஷின் கொடுத்தார்கள். வெளிக்காற்றை இழுத்து, பிராணவாயுவை மட்டும் பிரித்து, குழாய் வழியாக மூக்கில் விடுகிற மிஷின். ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் குழாய் மூக்கில் இருக்க வேண்டும். ஒன்பது வீட்டு விளக்கும் ஃபேனும் சேர்ந்து தின்கிற கரண்டை அது ஒன்றே தின்றது. அதற்காக யாரும் முகம் சுளித்ததில்லை. குப்பத்து ஜனங்களுக்கு வாய் பொல்லாது, மனசு பொல்லாதது இல்லை.

எல்லாவற்றையும் மாட்டியவன் ராயப்பேட்டை அப்துல் கய்யூம். எலக்ட்ரிக் வேலையில் இருபது வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவன். மாட்டி முடித்த அன்று ஒன்பது வீட்டுப் பெண்களையும் மணலில் உட்கார வைத்து வகுப்பு எடுத்தான்.

"யக்கா, நீங்கல்லாம் இன்னா நெனச்சிக்கினு கீறீங்க? கரண்டு வரலன்னாதான் பேஜாருன்னு. அது இல்ல. பேட்டரி ரொம்பிப் போச்சுன்னு வைங்க. சோலாரு சமத்து. போதும்னா நின்னுடும். இந்தக் காத்தாடி அப்டி இல்ல. பேட்டரி ரொம்பிச்சா ரொம்பலையான்னு அதுக்கு இன்னா தெரியும்? காத்தடிச்சா சுத்தும், சுத்துனா கரண்டு வரும். வர்ற கரண்டு எங்கனா போயாவணும்."

"போவலன்னா?" என்றாள் அன்புச்செல்வி.

"போவலன்னா பேட்டரி கொதிக்கும். இன்வெர்ட்டரு பயந்துக்கினு கட்டாயிடும். ஊட்ல லைட்டு ஒண்ணும் எரியாது. கரண்டு ஜாஸ்தியானதால கரண்டு இல்லாம பூடும், புரியுதா?"

"சாராயம் ஜாஸ்தியானா ஆம்பள ஒண்ணுத்துக்கும் ஒதவாம படுத்துக்குறான்ல, அத்த மாதிரி" என்றாள் பக்கத்துக் கொட்டகை முனியம்மாள். மணல் அதிரச் சிரித்தார்கள். கய்யூமும் சிரித்துவிட்டு, அன்புச்செல்வி வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய் டிரம்மைக் காட்டினான்.

இருநூறு லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம் இல்லை, இரும்பு டிரம். அதற்குள் கொக்கி வைத்த ஒரு ஹீட்டர் கம்பி. பேட்டரி நிரம்பியதும் மிச்சக் கரண்டு தானாகவே இந்தக் கம்பிக்குத் திரும்பும். தண்ணீரைச் சுட வைத்துவிட்டு அடங்கும்.

"இதான் வடிகாலு. டிரம்ல தண்ணி எப்பவும் இருக்கணும். வெறும் காத்துல கம்பி இருந்தா அஞ்சு நிமிசம், எரிஞ்சி பூடும். டிரம்ம கழுவணும்னா காத்து இல்லாத நாளாப் பாத்து, காத்தாடிக்கு பிரேக் போட்டுட்டு, அப்பறமா கம்பியத் தூக்கி இந்த ஆணில மாட்டு. காத்து அடிச்சிக்கினு இருக்கும்போது பிரேக் போட்டுடாத, அதுவும் கருகிடும். சாவி ஒங்கையிலதான் கீது செல்விக்கா. நெனப்பு வச்சிக்க."

நினைப்பு வைத்துக்கொண்டாள். ரெண்டு வருஷத்தில் ஒரு நாள் தவறவில்லை. விடியற்காலை கூடையோடு மீன் ஏலத்துக்குப் போகுமுன் டிரம்மைத் தொட்டுப் பார்ப்பாள், குறைந்திருந்தால் ரெண்டு குடம் ஊற்றுவாள். மாதம் ஒரு நாள் காற்று செத்த வேளையாகப் பார்த்து, பிரேக் போட்டு, கம்பியை ஆணியில் மாட்டிவிட்டு டிரம்மைத் தேய்த்துக் கழுவுவாள்.

அந்த வெந்நீர்தான் கொட்டகைப் பெண்களின் ஒரே சொகுசு. நாளெல்லாம் ரோட்டோரம் உட்கார்ந்து சங்கராவும் காரப்பொடியும் விற்றுவிட்டு, கை விரல் இடுக்கெல்லாம் செதிலோடு வந்து, ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர் மொண்டு தலைக்கு ஊற்றினால் உடம்பை விட்டுக் கவிச்சி போகும், அலுப்பும் போகும். ஒரே ஒரு குறை. ரங்கனின் மிஷின் ஓடுகிற நேரம் மிச்சக் கரண்டு குறைந்துவிடும். தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும்.

"யோவ் ரங்கண்ணே" என்று முனியம்மாள் வாளியோடு வாசலில் நிற்பாள். "அந்த மிஷின செத்த நேரம் நிறுத்துனா இன்னா? தண்ணி பச்சையாவே கீது."

"ஏம்மே, என் மூச்சுல குளிக்கப் பாக்கறியா நீயி?" என்பான் ரங்கன், குழாயை மூக்கிலிருந்து எடுக்காமலே. "செத்தப்பறம் வா. அப்ப கொதிக்கக் கொதிக்க ஊத்திக்க."

"த்தூ, வாயக் கழுவு" என்பாள் முனியம்மாள். இது தினமும் நடக்கிற பேச்சு. தினமும் சிரித்தார்கள்.

கார்த்திகைக் கடைசியில் புயல் என்று சொன்னார்கள். அதற்குள் ரங்கனுக்கு முற்றிப்போய், குழாயை எடுத்தால் ரெண்டு நிமிஷம் தாங்காது என்று ஆகியிருந்தது. படகுகளை ரோடு வரைக்கும் இழுத்துப் போட்டுக் கட்டினார்கள். முந்தின நாள் மத்தியானம் கய்யூம் வண்டியில் வந்து இறங்கினான். கம்பத்தின் இழுவைக் கம்பிகளை முறுக்கிப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான். கடல் அதற்குள்ளேயே களிமண் நிறமாகியிருந்தது.

"செல்விக்கா, இப்பவே பிரேக் போட்டு காத்தாடிய நிறுத்திடலாமா? நாளைக்குப் போட முடியாது."

"நிறுத்துனா மிஷினு?"

"பேட்டரில கீறத வச்சி ஒரு நாளு ஓடும். மேகம் மூடிக்கினா சோலாரும் ஒண்ணும் தராது."

"மூணு நாளு மழன்றாங்க பாய்."

"அதான். அதுக்குத்தான் கேக்கறேன். அண்ணன ஆஸ்பத்திரில சேத்துடேன், மூணு நாளைக்கு."

உள்ளேயிருந்து ரங்கன் குரல் வந்தது. "நா வர்ல. போன தபா வராண்டால தரையில போட்டானுங்கோ. செத்தா எங்கூட்ல சாவறேன். எங்கிட்ட காத்தாடி கீது, ஆஸ்பத்திரில கூட ஜெனரேட்டரு டீசல் தீர்ந்தா அம்பேல்."

அன்புச்செல்வி புருஷனையும் பார்த்தாள், காற்றாடியையும் பார்த்தாள். ரெண்டு வருஷமாக அவளை ஒரு நாளும் கைவிடாதது அந்தக் காற்றாடி.

"சுத்தட்டும் பாய்" என்றாள்.

"செரி. அப்ப ஒண்ணே ஒண்ணு. பொயலுல அது எக்கச்சக்கமா தள்ளும். பேட்டரி ரொம்பியேதான் இருக்கும். அத்தினியும் டிரம்முக்குத்தான் போவும். டிரம்ம மட்டும் பாத்துக்க. தண்ணி கொறைய வுடாத."

"பச்சப்புள்ளைக்கு சொல்ற மாதிரி சொல்றியே."

"சொல்லணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு தம்ளர் டீயை நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போனான்.

முதல் நாள் ராஜ மரியாதை. பட்டினமே இருட்டு. மயிலாப்பூர் தெருக்களில் மரம் விழுந்து கம்பி அறுந்து கிடந்தது. ஒன்பது தகரக் கொட்டகையில் மட்டும் விளக்கு எரிந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கத்து மாடிக் கட்டடத்திலிருந்து, மீனைப் பார்த்தாலே மூக்கைப் பொத்துகிற அம்மாக்கள்கூட செல்போனை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் வந்தார்கள். அன்புச்செல்வி பலகையில் வரிசையாகப் போனை அடுக்கி சார்ஜ் போட்டாள். யாரும் கடலுக்குப் போகாததால் மீன் இல்லை. வஞ்சிரக் கருவாட்டை மொச்சையும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். வந்தவர்களில் ஒருத்தி, வாசனை பிடித்துப்போய், கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு போனாள். டிரம்மில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மணிக்கு ஒரு தடவை போய் ரெண்டு குடம் ஊற்றி வந்தாள்.

ரங்கன் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்து, ஊர்வலம் பார்க்கிற மாதிரி எல்லாவற்றையும் பார்த்தான். "செல்வி, நாம இப்ப பணக்காரங்க மே" என்றான்.

ரெண்டாம் நாள் காலையில் மூன்றாவது கொட்டகை ஜானு செத்துப்போனாள். அறுபத்தெட்டு வயசு. ரத்தக்கொதிப்புக்காரி. கஞ்சியைக் குடித்துவிட்டு, இன்னா காத்து இப்டி அடிக்குது என்று கேட்டுவிட்டுச் சாய்ந்தவள்தான். பிணத்தை வைத்துக்கொண்டு புயல் முடியக் காத்திருக்க முடியாது. கொட்டகைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு மழை சற்று வெறித்தது. ரங்கன் தவிர வரிசையில் இருந்த எட்டு ஆம்பிளைகளும், மீன் கூடை ஏற்றுகிற மூன்று சக்கர வண்டியில் அவளைப் படுக்க வைத்து, மேலே தார்ப்பாய் கட்டி, சுடுகாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். சங்கு ஊதுகிறவன் வரவில்லை. சங்குக்குப் பதில் காற்று ஊதியது.

குப்பத்தில் இருந்த நாளிலிருந்தே அவர்களுக்கு ஒரு வழக்கம். சாவு விழுந்த வரிசையில், பிணம் எடுத்ததும் எல்லா வீட்டிலும் இருக்கிற தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். தீட்டுத் தண்ணீர். குடம், தவலை, அண்டா எதுவானாலும் கவிழ்த்து வைத்து, ஆம்பிளைகள் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் நிமிர்த்திப் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். மாதா கோயிலுக்குப் போகிற அந்தோணியம்மாளுக்கு இந்த முறை இல்லை. ஆனாலும் ஒரே வரிசையில் இருக்கிறவள் ஆயிற்றே என்று அவளும் ஒரு குடத்தைக் கொட்டுவாள்.

"தண்ணியக் கொட்டுங்கடி" என்று முனியம்மாள் தெருவில் நின்று குரல் கொடுத்தாள். அழுது அழுது அவள் தொண்டை கட்டியிருந்தது.

ஒன்பது வீட்டிலும் குடம் உருண்டது. அன்புச்செல்வி ரெண்டு குடத்தையும் தவலையையும் கொட்டினாள். பிறகு பின்பக்கம் போனாள். கம்பியைக் கொக்கியோடு தூக்கி ஆணியில் மாட்டினாள். டிரம்மைச் சாய்த்தாள். கொதிநீர் ஆவியோடு மழைத் தண்ணீரில் கலந்து ஓடியது. டிரம்மைக் கவிழ்த்து வைத்தாள்.

ஏன் செய்தாள் என்று பிற்பாடு அவளை அவளே ஆயிரம் தடவை கேட்டுவிட்டாள். ஜானு அவளுக்குப் பிரசவம் பார்த்தவள். பிறந்து மூன்றாம் நாள் போன குழந்தையைக் கையில் ஏந்திப் புதைத்தவள். அழுத கண்ணோடு நின்ற மனுஷிக்குக் கை தன் பாட்டில் வேலை செய்தது. மாதாமாதம் கழுவுகிற பழக்கத்தில் கம்பியை ஆணியில் மாட்டிய கைக்கு, பிரேக் போடாதது மட்டும் ஞாபகம் வரவில்லை. மூளைக்குத் தெரிந்த பாடம் ரெண்டு வருஷத்துப் பாடம். கைக்குத் தெரிந்தது நாற்பது வருஷத்துப் பாடம்.

உள்ளே வந்து ரங்கனுக்கு ஒரு வாய் கஞ்சி கொடுத்தாள். பின்பக்கத்திலிருந்து தீய்ந்த வாடை வந்தது. யார் வீட்டிலோ அடுப்பு என்று நினைத்தாள்.

பத்து நிமிஷத்தில் மரப்பெட்டிக்குள் இன்வெர்ட்டர் கீச்சுக் கீச்சென்று கத்தியது. விளக்கு அணைந்தது. மூச்சு மிஷின் நீளமாக ஒரு விசில் அடித்துவிட்டு நின்றது.

ரங்கன் அவளைப் பார்த்தான். "இன்னா மே?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பின்னால் ஓடினாள். ஆணியில் கம்பி ரெண்டாக அறுந்து கருகித் தொங்கியது. டிரம் கவிழ்ந்து கிடந்தது. தலைக்கு மேலே காற்றாடி கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுற்றியது. இவ்வளவு கரண்டை அது அதற்கு முன் ஒரு நாளும் கொடுத்ததில்லை.

அவசரத்துக்கு என்று ஒரு சின்ன சிலிண்டர் வைத்திருந்தார்கள். அதைத் திறந்து குழாயை மாற்றி மாட்டினாள். முள் பாதிக்குக் கீழே காட்டியது. முக்கால் மணி நேரம் வரும். ஆம்புலன்ஸுக்குப் போட்டாள், வருகிறோம், வழியில் மரம் விழுந்திருக்கிறது, ஒரு மைல் தள்ளி மரத்துக்கு இந்தப் பக்கம் வரை தூக்கி வர முடியுமா என்று கேட்டார்கள். அவ்வளவு தூரம் தூக்க ஆம்பிளைகள் இல்லை. வண்டியும் ஜானுவோடு போயிருந்தது. கய்யூமுக்கு ஆறு தடவை போட்டு ஏழாவது தடவை கிடைத்தது.

"பாய், மிஷினு நின்னுச்சி. இன்வெர்ட்டரு செவப்பு லைட்டு காட்டுது. கம்பி எரிஞ்சிடுச்சி."

"டிரம்ல தண்ணி கீதா?"

"கம்பிதான் போச்சு பாய். இப்ப இன்னா பண்றது, அதச் சொல்லு."

"வேற கம்பி இல்ல. அய்யோ, நா ஒண்ணு குடுத்து வச்சிருக்கணும்... சரி, கேளு. பேட்டரில வோல்டேஜு ஏறிப்போய்தான் இன்வெர்ட்டரு கட்டாயிருக்குது. காத்தாடில இருந்து வர்ற லைன கட் பண்ணா வோல்டேஜ் எறங்கும். எறங்கினா இன்வெர்ட்டரு தானா வரும். பொட்டிக்குள்ள எடது பக்கம் பெரிய ஃபியூஸ் கட்ட கீது பாரு. அத்தப் புடுங்கினா போதும்."

"புடுங்கட்டா?"

"இரு! இரு செல்விக்கா. புடுங்கினா காத்தாடிக்குப் புடிமானமே இல்ல. இப்பவாச்சும் பேட்டரி புடிச்சிக்கினு கீது. இந்தக் காத்துக்கு சும்மா சுத்துச்சின்னா ரெக்கைய பிச்சிக்கும். எம்மாந்தூரம் போய் எங்க வுழும்னு சொல்ல முடியாது. தகரமெல்லாம் ஒண்ணும் தாங்காது. அக்கம்பக்கம் யாரு கீறாங்க?"

"எல்லாரும் கீறாங்க. ஜானு சாவுக்கு வந்த ஜனம் வேற."

"அவங்க அத்தினி பேரையும் வெளிய அனுப்பு. ரோட்டுக்கு அந்தாண்ட. ஒரு ஆளு இல்லாம. அப்பறமா புடுங்கு. நா நடந்தே வந்துகினு கீறேன்." லைன் அறுந்தது.

ரங்கன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். சிலிண்டர் குழாய் மூக்கில் சீறிக்கொண்டிருந்தது.

"போ" என்றான். "மொதல்ல புள்ளைங்கள அனுப்பு."

"நீ?"

"நா எங்க போவப்போறேன். சிலிண்டரு கீது. போ மே, நின்னுகினு."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு கொட்டகையாக ஓடினாள். சாவு வீட்டில் அழுதுகொண்டிருந்தவர்களை எழுப்ப முடியவில்லை. "இன்னாடி பேசற, சாவு ஊட்ட வுட்டுட்டு எங்க போறது? வெளக்கு வச்சிருக்குது" என்று ஜானுவின் மகள் சீறினாள். அன்புச்செல்வி அவள் காலில் விழுந்தாள். முனியம்மாள்தான் புரிந்துகொண்டு, பிள்ளைகளை இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். அந்தோணியம்மாளுக்கு இடுப்பு முறிந்த மாமியார். அவரை நாற்காலியோடு ரெண்டு பேர் தூக்கினார்கள். நேற்று போன் சார்ஜ் போட வந்தவர்களின் மாடிக் கட்டடத்துக் காவல்காரர் கேட்டைத் திறந்துவிட்டார், நல்ல மனுஷர். ஆறாவது கொட்டகையில் ஒரு பெண் கைக்குழந்தையின் துணியைத் தேடிக்கொண்டு நின்றாள். அன்புச்செல்வி அவளைத் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தாள். ஒவ்வொரு தடவையும் தன் வாசலைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தாள். முதல் தடவை ரங்கன் கையை ஆட்டினான். ரெண்டாம் தடவையும் ஆட்டினான்.

எல்லாரும் அந்தப் பக்கம் போய்ச் சேர ஐம்பது நிமிஷம் ஆனது.

தண்ணீர் முழங்காலுக்கு மேல். பெட்டியைத் திறந்தாள். பேட்டரிகள் கொப்புளம் விட்டுக் கொதித்தன. அமில வாடை கண்ணைக் கரித்தது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். டப்பென்று நீலமாக ஒரு பொறி. மேலே காற்றாடியின் சத்தம் மாறியது. முதலில் சீறல், பிறகு ஊளை. கம்பம் நடுங்கியது. கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குள் ஓடினாள்.

ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். சிவப்பு விளக்கு பச்சையானது. கூரையில் பல்பு எரிந்தது. மூச்சு மிஷின் ஒரு தடவை கமறிவிட்டு, பழையபடி டுப்பு டுப்பென்று ஓட ஆரம்பித்தது.

"யோவ், வந்துடுச்சிய்யா" என்று கத்தினாள்.

சிலிண்டர் முள் பூஜ்யத்தில் இருந்தது. ரங்கன் சாய்ந்தபடியே இருந்தான். ஆட்டின கை மடியில் மல்லாந்து கிடந்தது. அவள் குழாயை மாற்றி அவன் மூக்கில் வைத்தாள். நெஞ்சைத் தேய்த்தாள். உள்ளங்காலைத் தேய்த்தாள். மிஷின் ஒழுங்காகக் காற்றை அனுப்பிக்கொண்டே இருந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

அப்போது மேலே பெரிதாக ஒரு சத்தம் கேட்டது. காற்றாடியின் ஒரு இறக்கை பிய்த்துக்கொண்டு போய் ஆறாவது கொட்டகையின் கூரையைக் கிழித்து, குழந்தையின் தூளி தொங்கிய இடத்தில் குத்தி நின்றது. தூளியில் ஒன்றும் இல்லை.

கய்யூம் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ராயப்பேட்டையிலிருந்து இடுப்புத் தண்ணீரில் நடந்து வந்திருந்தான். பிளாஸ்டிக் பையில் சுற்றிய புதுக் கம்பி கையில் இருந்தது. ரங்கனைப் பார்த்தான், வாசலிலேயே ஈரத்தோடு உட்கார்ந்துவிட்டான். பெண்கள் திரும்பி வந்து சுற்றி நின்றார்கள். சுடுகாட்டுக்குப் போன ஆம்பிளைகளும் வந்துவிட்டிருந்தார்கள்.

"நாந்தான் காரணம்" என்றான் கய்யூம். "மட்டமான கம்பி போட்டுட்டேன். இவ்ளோ லோடு தாங்காதுன்னு தெரிஞ்சிருக்கணும். ஸ்பேரு ஒண்ணு குடுத்திருக்கணும். எம்மேலதான் தப்பு செல்விக்கா. ஆபீஸ்லயும் நானே சொல்லிடறேன்."

சொன்னால் அவன் வேலை போய்விடும். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். முனியம்மாள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பி நல்ல கம்பிதான் பாய்" என்றாள் அன்புச்செல்வி. "நாந்தான் தூக்கி ஆணில மாட்டுனேன். தீட்டுத் தண்ணின்னு டிரம்மக் கவுத்தேன்."

கய்யூம் நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த புதுக் கம்பியைத் தரையில் வைத்தான்.

"நாந்தான் கொட்டச் சொன்னேன்" என்று முனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீ கொடத்தக் கொட்டச் சொன்ன. டிரம்மக் கொட்டுனது நானு. சாவி எங்கழுத்துலதான் கீது." சாவியை அவிழ்க்கப் பார்த்தாள். ஈரக் கயிற்றில் முடிச்சு அவிழவில்லை.

மறுநாள் காலை மழை விட்டது. அதே மூன்று சக்கர வண்டியில் ரங்கன் போனான். வரிசை முழுக்க மறுபடி குடம் உருண்டது. முனியம்மாள் பின்பக்கம் வந்து, கய்யூம் நிமிர்த்தி நிரப்பி வைத்திருந்த டிரம் முன்னால் நின்றாள். தொடக் கை வரவில்லை.

"கொட்டு" என்றாள் அன்புச்செல்வி. "இனிமே இன்னா போவப்போவுது."

தை பிறந்து புது இறக்கை மாட்டினார்கள். கய்யூம் வேலையில்தான் இருந்தான். அன்புச்செல்வி அடையாறு ஆபீஸுக்கே போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மூச்சு மிஷினை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்தாயிற்று. கூடையை மறுபடி எடுத்தாள். வாடைக் காற்று நன்றாக அடித்தது. சாயங்காலம் நெத்திலி விற்றுவிட்டு வந்த முனியம்மாள், வாளியை டிரம்மில் விட்டவள், கையை உதறிக்கொண்டு பின்வாங்கினாள்.

"இன்னாடி செல்வி இது? தண்ணி இப்டி கொதிக்குது? கை வைக்க முடில."

அன்புச்செல்வி செதில் படிந்த கையைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எங்கூட்டுக்காரு மூச்சுடி அது. எடுத்துக்கறதுக்கு ஆளு இல்ல, இங்க வந்துடுச்சி. அன்னிக்கே சொன்னாருல்ல."

முனியம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டாள். வாயில் புடவையைத் திணித்துக்கொண்டு நின்றாள்.

அன்புச்செல்வி எழுந்து போய் ஒரு குடம் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து, வெந்நீரை வாளியில் மொண்டு, விளாவி, கை விட்டுப் பதம் பார்த்தாள்.

"சூடு செரியா கீது" என்றாள். "ஊத்திக்க."